எல்லாப் பழியும் மாமியார் தலையிலா?

வளர்ச்சித் திட்டங்களின் பலனை எப்படி அளப்பது என்று படிக்க ஆரம்பிக்கிற யாரும் சீக்கிரமே ஒரு கதையில் வந்து முட்டிக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் நன்றாக வேலை செய்தது. அதைப் பார்த்து வங்கதேசத்தில் அதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். அங்கே வேலை செய்யவில்லை. ஏன்? தமிழ்நாட்டில் சாப்பாட்டு விஷயத்தை அம்மா முடிவு செய்கிறாள். வங்கதேசத்தில் மாமியாரும் கணவனும் முடிவு செய்கிறார்கள். திட்டமோ அம்மாக்களுக்கு மட்டும் பாடம் நடத்தியது. அவ்வளவுதான் கதை.

முதல் தடவை படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். உலகப் பல்கலைக்கழகங்களில் நம்மூர் பாலவாடியை உதாரணமாகச் சொல்கிறார்களே! இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் ஒரு இடத்தில் இடறியது. தமிழ்நாட்டுக் கிராமத்தில், அதுவும் 1980களில், மாமியார் இல்லையா? இருந்தும் அடுப்படியில் அவருக்கு அதிகாரம் இல்லையா? யார் வீட்டில்?

அந்த இடறலைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இரண்டு திட்டங்கள்

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியது. மதுரை மாவட்டத்தில் ஆரம்பித்து, மக்கள் உண்ணும் கலோரி அளவு குறைவாக இருந்த மாவட்டங்களுக்குப் போனது. அதன் உத்தி அந்தக் காலத்துக்குப் புதுசு. எல்லாக் குழந்தைக்கும் தினமும் சோறு போடுவது அதன் வேலை கிடையாது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாமல் நிற்கிற குழந்தைக்கு மட்டும் சுமார் மூன்று மாதம் சத்துருண்டை கொடுப்பார்கள். எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கூடவே கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கவனிப்பு, அம்மாக்களுக்கு ஊட்டச்சத்துப் போதனை.

பணியாளர் அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழை வீடாக இருந்தாலும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்திருக்கிற பெண் என்றால் முன்னுரிமை. எனக்குப் பிடித்த விதி இது. "இந்த வருமானத்தில் என்னால் முடிந்தது, உன்னாலும் முடியும்" என்று சொல்ல அவளுக்குத்தானே வாய் இருக்கும்?

முதல் கட்டம் 1989இல் முடிந்தது. திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. உலக வங்கிக்கு இது ஒரு காட்சிப் பொருளானது. அதன் சாயலில்தான் 1995இல் வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பிறந்தது. அதே மாதாந்திர எடை, அதே வளர்ச்சி அட்டை, அதே துணை உணவு, அதே போதனை. பிராக் போன்ற பெரிய தொண்டு நிறுவனங்கள் களத்தில் நடத்தின. அது முடிவதற்கு முன்பே, 2000இல், நாடு தழுவிய அடுத்த திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

2003இல் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பின் பிரிட்டன் கிளை குண்டைத் தூக்கிப் போட்டது. திட்டம் நடந்த பகுதிகளையும் நடக்காத பகுதிகளையும் ஒப்பிட்டால், குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. உலக வங்கி மறுத்தது. பிறகு 2005இல் வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே ஹோவர்ட் வைட் தலைமையில் ஒரு விரிவான அறிக்கையை வெளியிட்டது. முடிவு: பலன் இருக்கிறது, ஆனால் சிறிது, எதிர்பார்த்ததற்குப் பக்கத்தில்கூட இல்லை.

இது யாருடைய பணம் என்பதையும் நினைவில் வையுங்கள். இலவச நன்கொடை கிடையாது; வங்கதேச அரசு வட்டிச் சலுகையோடு வாங்கிய கடன். பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாட்டு மக்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டும்.

தத்துவவாதிகள் சொன்ன பாடம்

இந்த இரட்டைக் கதையைப் பிரபலமாக்கியது நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டி இருவரும் 2012இல் எழுதிய 'எவிடன்ஸ்-பேஸ்டு பாலிசி' என்ற புத்தகம். கார்ட்ரைட் அறிவியல் தத்துவத்தில் பெரிய பெயர். புத்தகத்தின் வாதம் நேரானது. ஒரு திட்டம் "அங்கே வேலை செய்தது" என்பதற்கு எவ்வளவு உறுதியான சான்று இருந்தாலும், "இங்கே வேலை செய்யும்" என்பதற்கு அது தானாகச் சான்றாகிவிடாது. எந்தக் காரணமும் தனியாக வேலை செய்வதில்லை. அதற்குத் துணைக் காரணிகள் வேண்டும். ரவையும் சர்க்கரையும் இருந்தால் போதுமா, அடுப்பில் தீ இல்லாமல் கேசரி ஆகுமா?

இன்னொரு நல்ல கருத்தும் உண்டு. ஒரு திட்டத்தின் கொள்கையை எந்த உயரத்தில் நின்று சொல்கிறோம் என்பது முக்கியம். "அம்மாவுக்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்லிக்கொடு" என்று சொன்னால் அது ஒரு ஊருக்குப் பொருந்தும். ஒரு படி ஏறி, "உணவை வாங்குவது, பங்கிடுவது, ஊட்டுவது ஆகியவற்றை முடிவு செய்கிற ஆளுக்கு, அந்த ஆள் குழந்தையின் நலனை மனத்தில் வைத்திருந்தால், சொல்லிக்கொடு" என்று சொன்னால் இன்னும் பல ஊர்களுக்குப் பொருந்தும். வங்கதேசக் கிராமத்தில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண். கூட்டுக் குடும்பத்தில் பெண்கள் பக்கத்து அதிகாரம் மாமியார் கையில். மேல்படிக் கொள்கை மாறவில்லை, கீழ்ப்படியில் ஆள் மாறிவிட்டார் என்கிறார்கள்.

இதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் கிடைத்த பிறகு, குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்துச் சோதிப்பதே மதிப்பீடு என்று ஆகிவிட்ட சூழலில், இந்த எச்சரிக்கை தேவையானதுதான். கார்ட்ரைட்டும் ஆங்கஸ் டீட்டனும் சேர்ந்து 2018இல் எழுதிய கட்டுரையும் இதே எச்சரிக்கையைத்தான் விரிவாகத் தந்தது.

என் குறை வேறு. கொள்கை சரி. அதை விளக்க எடுத்த உதாரணத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது.

நம்ம வீட்டு அடுப்படி

வங்கதேசத்தில் மாமியார் கையில் அதிகாரம் இருந்தது என்பது ஆய்வில் வந்தது. வைட் அறிக்கை அதைப் புள்ளிவிவரத்தோடு பார்த்திருக்கிறது; மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்கள் திட்டத்தில் கலந்துகொள்வது குறைவு என்று காட்டியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அம்மா கையில் அதிகாரம் இருந்தது என்பது? கதைக்குள் அது சான்றாக வரவில்லை, அனுமானமாக வருகிறது. அங்கே தோற்றது, அதனால் அங்கே ஏதோ குறை. இங்கே ஜெயித்தது, அதனால் இங்கே அந்தக் குறை இருந்திருக்காது. இப்படி முடிவிலிருந்து பின்னால் நடந்து காரணத்தைப் பிடிப்பது மதிப்பீடு ஆகாது.

நியாயமாக, அவர்கள் பக்கமும் பேச விஷயம் உண்டு. டிம் டைசனும் மிக் மூரும் 1983இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, தென்னிந்திய உறவுமுறையில் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் உண்டு என்று வாதிட்டது. பக்கத்து ஊரிலேயே, சொந்தத்திலேயே கல்யாணம். பிறந்த வீட்டுத் தொடர்பு அறுவதில்லை. நம் மொழியே சாட்சி சொல்கிறதே: அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. வயல் கூலிக்குப் போய்ச் சொந்தக் கையில் காசோ நெல்லோ வாங்கிய பெண்கள் இங்கே நிறைய. வங்கதேசக் கிராமத்தில் பர்தா வழக்கம் பெண்ணைச் சந்தையிலிருந்து தள்ளி வைத்திருந்தது.

ஆனால் அத்தை மாமியாராக வந்துவிட்டால் சோற்றுப் பானையின் கரண்டி மருமகள் கைக்கு வந்துவிடுமா? எங்கள் பக்கத்தில் கர்ப்பிணி அதிகம் சாப்பிட்டால் குழந்தை பெரிதாகி பிரசவம் கஷ்டமாகும் என்று சொல்லிச் சொல்லியே தட்டில் போடுவதைக் குறைத்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வங்கதேசத்தில் திட்டத்தைத் தடுத்த நம்பிக்கைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவதும் இதே நம்பிக்கைதான்.

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. கொள்கையின் இரண்டாம் பாதி ஞாபகம் இருக்கிறதா? "குழந்தையின் நலனை மனத்தில் வைத்திருந்தால்" என்பது. திட்டம் தொடங்கிய அதே மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கொலை நடப்பது 1980களின் நடுவில் பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. சேலம், தருமபுரி பக்கமும் அப்படியே. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே இதனால்தான். எல்லா வீட்டிலும் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் "தமிழ்நாட்டு வீட்டில் முடிவெடுப்பவர் குழந்தையின் பக்கம் நின்றார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர், எந்தக் குழந்தை, ஆணா பெண்ணா, எத்தனையாவது பெண் என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

வெற்றிக்கும் விசாரணை வேண்டும்

இதைவிடப் பெரிய சந்தேகம் வெற்றியைப் பற்றியதே. 1980இல் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதைத் தாண்டிய சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதியச் சோறு. இது ஊட்டச்சத்துத் திட்டம் நடந்த ஊரிலும் வந்தது, நடக்காத ஊரிலும் வந்தது.

யோசிச்சுப் பாருங்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்த இரண்டும் மதியம் பள்ளியிலும் பாலவாடியிலும் சாப்பிட்டுவிட்டால், பானையில் மிச்சமிருப்பது கைக்குழந்தைக்கும் அம்மாவுக்கும் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் குழந்தையின் எடை ஏறினால் அது எந்தத் திட்டத்தின் பலன்? இதோடு ரேஷன் அரிசி, தமிழ்நாட்டில் வேகமாகக் குறைந்துகொண்டிருந்த பிறப்பு விகிதம் (1990களின் முற்பகுதியிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டோம்), தடுப்பூசி, ரோடு, பஸ். இத்தனைக்கும் நடுவே ஒரு திட்டத்தின் பங்கைப் பிரித்தெடுக்க, 'இந்தத் திட்டம் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்' என்ற கேள்விக்கு வலுவான ஒப்பீடு வேண்டும். குலுக்கல் முறையில் ஊர் பிரித்து நடத்தப்பட்ட திட்டம் இது இல்லை. குறைபாடு அதிகமிருந்த மாவட்டங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே ஒப்பீட்டைக் கடினமாக்குகிறது.

திட்டம் பலனே தரவில்லை என்று நான் சொல்லவில்லை. தந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் 1990இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் தன் இலக்குகளை முழுதாக எட்டவில்லை. அதே மாநிலம், அதே உறவுமுறை, அதே அத்தைகள். மாமியார்தான் விளக்கம் என்றால் இதை எப்படி விளக்குவது?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மதிப்பீட்டுத் துறையில் இதே பாரபட்சம் இருக்கிறது. தோற்ற திட்டத்தை அங்கம் அங்கமாகப் பிரித்து மேய்கிறார்கள். ஜெயித்த திட்டத்தைக் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அந்தக் கைகுலுக்கலையே சான்றாக வைத்து அடுத்த நாட்டில் கடன் கொடுக்கிறார்கள்.

சங்கிலியும் பணியாளரும்

சொல்லப்போனால் வைட் அறிக்கை, அதைத் திருப்பிச் சொல்கிற கதைகளைவிட எவ்வளவோ நிதானமானது. அது மாமியாரோடு நிற்கவில்லை. திட்டத்தை ஒரு சங்கிலியாகப் பார்த்தது: சேவை ஊருக்கு வந்ததா, சரியான ஆள் வந்தாரா, குழந்தையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா, அம்மா கற்றுக்கொண்டாளா, கற்றதைச் செய்தாளா, கொடுத்த உணவு கூடுதலாகச் சேர்ந்ததா அல்லது வீட்டுச் சாப்பாடு அந்த அளவுக்குக் குறைந்துபோனதா. ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் ஒழுகியது. வளர்ச்சி அட்டையைச் சரியாகப் படிக்கத் தெரியாத பணியாளர்கள் பலர். தகுதியிருந்தும் உணவு கிடைக்காத குழந்தைகள் உண்டு. அம்மாக்களுக்குப் பாடம் தெரிந்தது. செய்வதற்குக் காசும் நேரமும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து கண்ணிகள், ஒவ்வொன்றும் 80 சதவீதம் சரியாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே முதல் வகுப்பு. ஐந்தையும் பெருக்கினால் 33 சதவீதம்தான். 100 குழந்தைகளில் 67 பேருக்கு எங்கோ ஒரு இடத்தில் சங்கிலி அறுந்துவிடும். வில்லன் யாருமே தேவையில்லை. கதையாகச் சொல்லும்போது மட்டும்தான் வில்லன் தேவைப்படுகிறார். ஆய்வில் அட்டை படிக்கத் தெரியாத பணியாளருக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று வரும். கதையில் மாமியார் வருவார். எது மனத்தில் நிற்கும் என்று சொல்லவா வேண்டும்?

தமிழ்நாட்டுப் பக்கம் இதே சங்கிலியைப் போட்டுப் பார்த்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது பணியாளரின் நேரம். தொடக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு வேலை குறுகியது, தெளிவானது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள், எடை, உருண்டை, வீட்டுக்குப் போய்ப் பேசுவது. இது ஊகம்தான், ஆனால் காற்றில் கட்டியது அல்ல. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடிகளில் ஒரு சோதனை செய்து 2024இல் வெளியிட்டார்கள். குலுக்கலில் வந்த பாதி மையங்களுக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது, மதிப்பெண் கூடியது. எதிர்பாராத வாசல் வழியாக இன்னொன்றும் வந்தது: வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. பழைய பணியாளருக்குக் கை ஒழிந்தது, ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க முடிந்தது. வீட்டு மாமியார்கள் யாரும் மாறவில்லை.

தோற்றதாகச் சொன்ன ஊர்

கடைசியாக ஒன்று. 2004இல் வங்கதேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 51 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2022 கணக்கெடுப்பில் அது 24 சதவீதம். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 25 சதவீதம். நாம் பாடம் எடுக்கப் போன ஊர் நம் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதற்குக் காரணம் என்ன என்று டெரெக் ஹெடியும் சகாக்களும் 2015இல் ஆராய்ந்தபோது தெரிந்தவை: வீட்டின் சொத்து நிலை, பெற்றோரின் படிப்பு, திறந்தவெளியில் மலம் கழிப்பது குறைந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, பிரசவ காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவது கூடியது. எந்த ஒரு திட்டத்தின் பெயர்ப் பலகையும் தனியாக மாட்ட முடியாத மாற்றங்கள். உயரமும் எடையும் ஒரே அளவுகோல் கிடையாது, அதனால் பழைய திட்டத்தின் மீதான தீர்ப்பை இது மாற்றிவிடாது. ஆனால் "அந்தச் சமூகம் அப்படி, அங்கே எடுபடாது" என்ற முடிவுக்கு இது நல்ல சூடு.

படிக்காத பெண்ணுக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்தினோம், மாமியார் கேட்கவில்லை என்றோம். அந்தப் பெண்ணின் மகள் பள்ளிக்குப் போனாள். இன்று அவளே தாய். இன்னும் பத்து வருஷத்தில் அவளும் மாமியார் ஆகிவிடுவாள். அப்போது வருகிற மதிப்பீட்டாளர் யார் மேல் பழி போடுவார் என்று பார்க்க எனக்கு ஆசை.

அதுவரை, "தமிழ்நாட்டில் வேலை செய்தது" என்று யாராவது சொன்னால் பெருமையில் தலையாட்டும் முன் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்: எது வேலை செய்தது, யார் கையால், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?